சின்ன வண்டிக்குப் பெரிய என்ஜின்

ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்த கதை. ஆபீஸில் ஆணி அதிகம், தள்ளிக்கொண்டே போய்விட்டது. நேற்று எழுத உட்கார்ந்ததும் தங்கமணி எட்டிப் பார்த்து, "அந்தப் பதினஞ்சாயிரம் விஷயத்தையும் எழுதுவீங்கதானே?" என்றாள். எழுதித்தான் ஆக வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

முதலில் வண்டி. நான் புனேவுக்கு வேலைக்கு வந்தது 2003-ல். அப்போது சாலையில் எப்போதாவது ஒரு சான் ஸ்டார்ம் போகும். இன்றைக்கு இருபது வயதுப் பையன்களிடம் அந்தப் பேரைச் சொன்னால் முழிப்பார்கள். சான் மோட்டார்ஸ் தயாரித்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் கிளாஸ் பாடி, முன் சக்கரத்தில் இழுவை. உள்ளே இருந்தது ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் என்ஜின், 60 குதிரை சக்தி. ஐரோப்பாவில் ட்விங்கோ, க்ளியோ மாதிரியான குடும்ப வண்டிகளை ஓட்டிய அதே என்ஜின். பார்வைக்குப் புலி, உள்ளே சாது.

2012-ல் ஊரை விட்டுப் போன ஒரு நண்பரிடமிருந்து கூரை போட்ட கூபே ஒன்றை வாங்கினேன். 2002-ம் வருஷப் பதிவு, சிவப்பு நிறம். பத்து வருஷம் ஒழுங்காக ஓடியது. சாத்தாரா போகும் வழியில் கம்பட்கி காட் ஏறும்போது மட்டும், பின்னால் வருகிற டெம்போக்காரன் ஹாரன் அடிப்பான். ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்துகொண்டு டெம்போவுக்கு வழி விடுவது என்ன மாதிரி அவமானம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும் :-)

2022 கடைசியில் ஹெட் கேஸ்கெட் போனது. ஆயிலில் தண்ணீர் கலந்து, டிப் ஸ்டிக்கில் பால் டீ மாதிரி வந்தது. எப்படியும் என்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டும். செலவோடு செலவாகப் பெரிய என்ஜினாகவே போட்டால் என்ன என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

அதே வருஷம் ஜூனில்தான் அம்மா தவறிப்போனார். அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் கோயம்புத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே கூட்டி வந்திருந்தோம். அரசு பஸ் டெப்போவில் 31 வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். இங்கே மூன்றாவது மாடி ஃப்ளாட். மராத்தியும் இந்தியும் தெரியாது. பேச நாங்கள் மூணு பேர், அதிலும் பகலில் ஒருவரும் இல்லை. சாயங்காலம் வந்து "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால் "ஆச்சு" என்பார். ஒரு நாளைக்கு அந்த ஒரு வார்த்தையோடு சரி. வெளியூரில் பெற்றோரை வைத்துக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு இந்த "ஆச்சு" தெரிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டைனிங் டேபிளில் நோட்டை விரித்து என்ஜின் திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். ரெனோ டஸ்டர் 2012-ல் இந்தியாவுக்கு வந்தபோது அதில் 1.6 பெட்ரோல் உண்டு. 1598 சிசி, நூற்றுச் சொச்சம் குதிரை. பழைய என்ஜினின் டார்க் சுமார் 93 நியூட்டன் மீட்டர், இதற்குச் சுமார் 145. அதே கம்பெனி, விபத்தில் அடிபட்ட வண்டிகளிலிருந்து கிடைக்கும் என்றெல்லாம் மூணு பக்கம் எழுதியிருந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திருப்பி வாசித்தார். அப்புறம் சொன்னார்:

"ஓடறதைப் பத்தி மூணு பக்கம் எழுதியிருக்கறே. நிக்கறதைப் பத்தி ஒரு வரி இல்லையே கண்ணு."

நாலு மாசத்துக்கு அப்புறம் அவர் சேர்ந்தாற்போல் பேசிய முதல் வாக்கியம் அது. நாலாவது பக்கத்தில் பிரேக் என்று தலைப்புப் போட்டேன். டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாம் 60 குதிரைக்கு வைத்தது. முன்பக்கம் எடை கூடினால் ஸ்பிரிங்கும் மாற வேண்டும், இல்லையென்றால் மூக்கு இறங்கிவிடும்.

அதற்கப்புறம் தினமும் ஒரு கேள்வி. நான் ஆபீஸிலிருந்து வரும்போது வாசலிலேயே தயாராக வைத்திருப்பார்.

"கியர்பாக்ஸ்?" என்ஜினோடு சேர்த்தே வாங்க வேண்டும். பெல் ஹவுசிங் துளைகள் சேராவிட்டால் ஒன்றும் நடக்காது. கூடுகிற டார்க்கைப் பழைய கிளட்சும் தாங்காது.

"டிரைவ் ஷாஃப்ட்?" உள்முனை புது கியர்பாக்ஸில் சேர வேண்டும், வெளிமுனை நம் வண்டியின் ஹப்பில் சேர வேண்டும். ரெண்டு வண்டி ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். "வெல்டு வெச்ச ஷாஃப்ட்டு காட்ல அறுந்துதுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். நோட்டில் 'புதிதாகக் கடைந்து வாங்குவது' என்று திருத்தினேன்.

"ஸ்டியரிங் இழுக்குமே?" ஆமாம். முன் சக்கர இழுவை வண்டியில் பொதுவாக கியர்பாக்ஸ் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். அதனால் ஒரு ஷாஃப்ட் குட்டை, இன்னொன்று நீளம். டார்க் கூடினால் ரெண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, மிதித்த உடனே ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அதோடு வேகம் எடுக்கும்போது எடை பின்னால் சாயும். இழுக்க வேண்டிய முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, தரையில் சறுக்கிக்கொண்டு நிற்கும். சக்தியைக் கூட்டினால் மட்டும் போதாது, அதைத் தரையில் இறக்கவும் வேண்டும்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நான் வாத்தியார். என்ஜினின் ஈ.சி.யூ., வயரிங், சாவி மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும், இம்மொபிலைசர் சாவியை அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று விளக்கினேன். "சாவிக்கும் என்ஜினுக்கும் ஜாதகப் பொருத்தமா?" என்று சிரித்தார். தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமா சிரிச்சு எத்தனை நாளாச்சு என்று ராத்திரி சொன்னாள்.

உச்சக்கட்டம் அட்டை என்ஜின். எங்கள் குடியிருப்பில் ஒருவரிடம் பெட்ரோல் டஸ்டர் இருந்தது. பானெட்டைத் திறக்கச் சொல்லி, அப்பாவும் என் பெண்ணும் டேப் வைத்து நீளம், அகலம், உயரம் எடுத்தார்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் வெட்டி, அதே அளவில் ஒரு என்ஜின் செய்தார்கள். பத்து நாள் வேலை. எங்கள் என்ஜினை இறக்கிவிட்டு அதை உள்ளே வைத்துப் பார்த்தால், பானெட் மூட இரண்டு விரல்கடை போதவில்லை. சைலன்சர் குழாய் போக வேண்டிய இடத்தில் ஃபைபர் பாடி உரசிக்கொண்டு நின்றது. "இரும்பு சூட்டைத் தாங்கும். இது பத்திக்கும்" என்றார் அப்பா. வாட்ச்மேனிலிருந்து சொசைட்டி சேர்மன் வரை வந்து பார்த்தார்கள். "ஆஜோபா" என்று எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இப்போது பதினஞ்சாயிரம். மும்பை குர்லாவில் ஒரு கடையில் அடிபட்ட டஸ்டர் என்ஜின், கியர்பாக்ஸ், ஈ.சி.யூ., வயரிங், சாவி மொத்தமாக 65,000 என்றார்கள். கம்ப்ரஷன் பார்க்காமல், கையால் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதே என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். "இன்னைக்கே வேற ஆள் எடுத்துடுவாங்க" என்று போனில் கடைக்காரர் சொன்னதும் பயந்துபோய் 15,000 அட்வான்ஸ் அனுப்பினேன். அப்பாவிடமும் சொல்லவில்லை, தங்கமணியிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், "ஆர்.சி.யில் எப்படி ஏத்துவே?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரிதான் சட்டத்தைத் திறந்து படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரித்தவர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. சி.என்.ஜி., மின்சாரம் போன்றவற்றுக்கு அங்கீகரித்த கிட் வைத்து மாற்ற வழி இருக்கிறது. என் திட்டத்துக்கு அந்த வழி பொருந்தாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. அதே 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-வின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதெல்லாம் போகட்டும். யார் மேலாவது மோதிவிட்டால் இன்ஷூரன்ஸ் கையை விரிக்க அது போதும் என்று நண்பர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

சட்டத்தைவிட அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வேலையும் போய்விட்டால் மறுபடி "ஆச்சு"க்குத் திரும்பிவிடுவாரே. மூணு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, சட்டம் இப்படிச் சொல்கிறது என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமே" என்றார். "ஆர்.டி.ஓ.வுல என்ஜின் நம்பர் பாப்பாங்க. மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்குப்பா ஆறு மாசம்?"

"ஆசையா எழுதிட்டிருந்தே. எனக்கும் பொழுது போச்சு. காசு போடற அன்னைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "அட்வான்ஸ் ஏதும் குடுத்துடலையே?"

என் முகத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. டெப்போவில் ஹெல்பர் பையன்களைத் திட்டுகிற குரலை நாற்பத்தைந்து வயதில் நான் கேட்டேன். தங்கமணியும் வந்து நின்றாள். அவரும் மறைத்தார், நானும் மறைத்தேன். ஆனால் காசு போனது என்னால்தான். கடைக்காரர் திருப்பித் தரவில்லை.

பழைய என்ஜினையே சரி செய்தோம். ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங், புது கேஸ்கெட், ரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். பாகங்கள் ஒவ்வொன்றாக வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தன. நோட்டின் நாலாவது பக்கம் மட்டும் வீணாகவில்லை. பிரேக் ஹோஸ், பேட், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. வால்வு இடைவெளியை அப்பாவே பார்த்தார். கை லேசாக நடுங்கியது, ஃபீலர் கேஜை என் பெண் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கம்பட்கி காட் ஏறினேன். பின்னால் டெம்போ ஹாரன் அடித்தது. "வழி விடு கண்ணு, அவனுக்கு அவசரமோ என்னமோ" என்றார்.

அட்டை என்ஜின் பரண் மேல் இருக்கிறது. தூக்கிப் போடலாமா என்று தங்கமணி கேட்டாள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். இப்போது சேர்மனின் பழைய ஜீப்பில் என்ன கோளாறு என்று தினமும் கீழே போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மராத்தியில் பத்து வார்த்தை வந்துவிட்டது, பத்தும் ஸ்பேர் பார்ட்ஸ் சம்பந்தப்பட்டது.

டிஸ்கி: இதே ஆசையில் யாராவது இருந்தால், முதல் பக்கத்தில் சட்டம், இரண்டாவது பக்கத்தில் பிரேக். மூன்றாவது பக்கத்தில் என்ஜின் எழுதுங்கள். அட்வான்ஸ் அனுப்பும் முன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.