கடைசி மாசச் சீட்டு

மூன்றாம் வருஷ லீவில் வீட்டுக்குப் போனபோது, "கேட் எழுதலாம்னு இருக்கேன்ப்பா" என்றேன். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். ஐ.ஐ.டி.யில் எம்.டெக் என்று நினைத்துவிட்டார். இது அந்த கேட் இல்லை, எம்.பி.ஏ.வுக்கு எழுதுகிற கேட் என்று விளக்கியதும், "அப்போ மெக்கானிக்கல் படிச்சது எதுக்குடா?" என்று கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை.

ஆனால் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியும். அம்மாவின் சீட்டு நோட்டிலிருந்து. எங்கள் தெருவில் 20 பேர் சேர்ந்து மாசம் 5,000 போடும் ஏலச்சீட்டு. மொத்தம் ஒரு லட்சம். அவசரத்துக்கு முதல் மாசமே எடுக்கிறவர் 30,000 தள்ளி, 70,000தான் வாங்குவார். தள்ளின காசு மற்றவர்களுக்குப் பிரியும். கடைசி வரை காத்திருப்பவருக்கு ஏறக்குறைய முழுத்தொகையும் வரும். 'பணத்தின் கால மதிப்பு' என்று வகுப்பில் நடத்தியபோது, இதைத்தானே அம்மா பென்சிலில் போட்டுக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. அன்று இரவே எக்செலில் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து இந்தப் பைத்தியம்.

நாலாம் வருஷம் ஐ.டி. கம்பெனி ஒன்றில் பிளேஸ்மென்ட் கிடைத்தது. ஆனாலும் மனசு முழுக்க ஒரே கேள்விதான். சி.எஃப்.ஏ.வா, எம்.பி.ஏ.வா?

கணக்குப் போட்டேன். பெரிய ஐ.ஐ.எம்.களில் ரெண்டு வருஷக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். 20 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு வாங்கி 10 வருஷத்தில் அடைத்தால், மாசம் 26,000 ரூபாய்க்கு மேல் கட்டணும். படிக்கிற ரெண்டு வருஷ வட்டியும், விட்ட சம்பளமும் இதில் சேரவில்லை. சி.எஃப்.ஏ.வில் மூன்று லெவல்; ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலருக்கு மேல். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். ஒவ்வொரு லெவலுக்கும் சுமார் 300 மணி நேரம் படிக்கணும் என்கிறார்கள். படித்தாலும் முதல் லெவலிலேயே பாதிக்கு மேல் ஃபெயில் ஆவது வழக்கம்தான். மூன்றும் பாஸ் செய்தாலும் துறை சார்ந்த வேலையில் 4,000 மணி நேர அனுபவம் காட்டினால்தான் பட்டம்.

காசுக் கணக்கில் சி.எஃப்.ஏ. ஜெயித்தது. அம்மாவிடம் சொன்னேன். "எவ்வளவுடா கட்டணும்?" என்றார். லெவல் ஒன்னுக்கு 80,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த மாசம் சீட்டைத் தள்ளி எடுத்துத் தர்றேன்" என்றார்.

அந்தச் சீட்டு தங்கச்சியின் காலேஜ் ஃபீஸுக்கு. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"வேணாம்மா" என்றேன். "வேணாம்னா விடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீ என்ன வேலைக்குப் போகப்போற? ரெண்டு மாசமா பரீட்சை பேரை மட்டும்தான் சொல்லிட்டிருக்க. எதுக்கு எடுக்கறோம்னு தெரிஞ்சவ முதல் மாசமே சீட்டு எடுத்தாலும் நஷ்டமில்ல. தெரியாதவ கடைசி மாசம் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

சுருக்கென்றது. உண்மையில் சி.எஃப்.ஏ.வை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதில் ஃபெயிலானால் யாருக்கும் தெரியாது. கடன் வாங்கி எம்.பி.ஏ. போய்த் தோற்றால் ஊருக்கே தெரியும்.

அடுத்த வாரம், சென்னையில் நிதி ஆய்வு வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். எந்தப் பரீட்சை நல்லது என்று கேட்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன வேலை என்று மட்டும் கேட்டேன். கம்பெனிகளின் ஆண்டறிக்கை படிப்பது, எக்செலில் மாடல் கட்டுவது, ஒரு எண் தப்பானால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பது. "தம்பி, சி.எஃப்.ஏ. ஏற்கெனவே உள்ள இருக்கிறவனுக்கு ரொம்ப உதவும். வெளியில இருக்கிறவனுக்கு அது மட்டும் போதும்னு சொல்ல முடியாது. நல்ல எம்.பி.ஏ. காலேஜ்னா கம்பெனியே கேம்பஸுக்கு வரும். அதுக்குத்தான் அவ்வளவு காசு" என்றார்.

இப்போதைக்கு என் முடிவு இது. கிடைத்த வேலையில் சேர்கிறேன். அந்த அனுபவம் 4,000 மணி நேரத்தில் சேருமா என்பது அங்கே தரும் வேலையைப் பொறுத்தது, அதனால் அதை நம்பி இல்லை. வாரக்கடைசியில் ஒரு ஆண்டறிக்கையாவது முழுசாகப் படிக்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து லெவல் ஒன் எழுதுவேன். ஃபெயிலானால் வீட்டில் சொல்லிவிடுவேன். ரெண்டு வருஷம் கழித்தும் இந்த வேலைதான் என்று தோன்றினால், தைரியமாகக் கடன் வாங்கி எம்.பி.ஏ.

இதுதான் எல்லாருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன். எதுக்கு என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் இப்போதே கேட் எழுதுங்கள், காத்திருக்க வேண்டாம். என்னை மாதிரிக் குழப்பத்தில் இருப்பவர்கள், கோச்சிங் சென்டருக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் அந்த வேலையில் இருக்கிற ஒரு சீனியருக்கு போன் போடுங்கள்.

அம்மா சீட்டைத் தள்ளவில்லை. ஜூனில் முடிகிறது. தங்கச்சிக்குக் கவுன்சிலிங் அதற்கப்புறம்தான்.