அணிகலன் பேணுதல்

தாமிரபரணி கடலோடு கலக்குமுன் வளம்படுத்திச் செல்லும் ஊர்களுள் ஏரலும் ஒன்று. அதற்கு மேற்கே ஆதிச்சநல்லூரும், கிழக்கே கொற்கையும் உள்ளன. முன்னது பண்டைப் பொன்னணிக்கும், பின்னது முத்துக்கும் பெயர்பெற்றவை. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்னும் அறிஞர் ஆதிச்சநல்லூரில் அகழாய்வு நிகழ்த்தியபோது, பொன்னாலாகிய நெற்றிப் பட்டங்கள் கிடைத்தன. அங்கே கிடைத்த இரும்புக் கருவிகள் துருவேறியிருந்தன. பொன்னோ துருவின்றி இருந்தது. ஆயினும், பொன் கெடாது என்னும் இவ்வொன்றையே நம்பி, வீட்டிலுள்ள பழைய நகைகளை எவ்வாறாயினும் கழுவலாம் என எண்ணுதல் பிழையாகும்.

வீட்டு நகை தூய பொன்னன்று. 22 காரட் பொன்னில் 100 பங்குக்கு ஏறத்தாழ 91.6 பங்கே பொன். எஞ்சியது செம்பும் வெள்ளியுமாகும். திருநெல்வேலிச் சீமையின் மூதாட்டியர் அணிந்த பாம்படம் போன்ற அணிகளோ, அரக்கின்மேல் பொன்தகடு போர்த்துச் செய்யப்பட்டவை. கல் பதித்த பழைய அட்டிகைகள் பலவற்றிலும் கல்லைத் தாங்கி நிற்பது அரக்கே. ஆதலின், நகையைத் தூய்மை செய்யப் புகுவோர், அஃது எவ்வெப்பொருள்களால் ஆயது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

இவ்வறிவின் தேவை 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நன்கு புலப்பட்டது. அம்மாதம் 17, 18 ஆகிய நாள்களில் பெருமழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, ஏரலின் கடைவீதியிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளம் சாக்கடை நீரையும் சேற்றையும் உடன் கொணர்வது. பெட்டியில் நனைந்த நகைகளும் நோய்க்கிருமிகளுக்கு இடமாகலாம். தரையைத் தூய்மை செய்யப் பிளீச்சிங் பவுடர் ஏற்றதே. எனினும் அதனை நகைக்கு இடுதல் தகாது. அதிலுள்ள குளோரின், பொன்னோடு கலந்த செம்பையும் வெள்ளியையும் தாக்கிப் பற்றுவைத்த இடங்களை வலுவிழக்கச் செய்யும்.

கல்லும் அரக்கும் முத்துமற்ற பொன் நகையை வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைசலோ பூந்திக்கொட்டைச் சாறோ சேர்த்துச் சிறிதுநேரம் ஊறவைக்கலாம். பின் மெல்லிய தூரிகையால் இடுக்குகளைத் துடைத்து, நல்ல நீரில் அலசி, ஈரம் போக உலர்த்த வேண்டும். ஓடும் குழாயடியில் கழுவாது, கிண்ணத்தில் கழுவுதல் நன்று. திருகாணி நழுவினும் கிண்ணத்திலேயே தங்கும். அழுக்கை முதலில் நீக்குதல் இன்றியமையாதது. ஏனெனில், அழுக்குப் படலத்தின் அடியிலுள்ள கிருமிகளை மருந்து எளிதில் அடையாது.

காதிலும் மூக்கிலும் அணிவனவற்றிற்கு இதனினும் மிகுந்த கவனம் வேண்டும். மஞ்சள் காமாலையின் ஒரு வகைக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே 7 நாளேனும் உயிர்த்திருக்க வல்லது. ஆதலின், ஒருவர் அணிந்த தோட்டை மற்றொருவர் கழுவாமல் அணிதல் கூடாது. கழுவி உலர்த்திய வெற்றுப் பொன் தோட்டின் தண்டையும் திருகாணியையும் 70 விழுக்காட்டு ஸ்பிரிட்டால் துடைக்கலாம். புதிதாகக் குத்திய காதிலோ, புண் ஆறும்வரை பழைய தோட்டை இடலாகாது.

ஆனால், அதே ஸ்பிரிட்டு அரக்கைக் கரைக்கும். வெந்நீர் அதனை இளக்கும். எனவே, பாம்படத்தை நீரில் அமிழ்த்தாமல், ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதே தக்கது. முத்து பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆயது. புளியும் எலுமிச்சையும் அதனை அரிக்கும். முத்துமாலையை மென்மையான ஈரத்துணியால் துடைத்தல் போதும். வெள்ளிக் கொலுசு கறுத்தல் அழுக்கினால் அன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி கூடுவதனால் ஆகும். அதனை மணல்கொண்டு தேய்த்தால், கறுப்போடு வெள்ளியும் தேயும்.

தெருவில் வந்து, நகையை மெருகிட்டுத் தருவதாகக் கூறுவோரிடமும் விழிப்பு வேண்டும். அவருள் வஞ்சகர் நகையைத் திராவகத்தில் தோய்ப்பர். நகை பளபளக்கும், பொன்னின் ஒரு பகுதியோ திராவகத்தில் கரைந்து அவர் கையிலேயே தங்கிவிடும். ஆதலின், எவரிடம் நகையைக் கொடுப்பினும், முன்னும் பின்னும் எடை பார்த்தல் அறிவுடைமை. அரக்கு நகையையும் கல் நகையையும் அறிமுகமான பொற்கொல்லரிடம் காட்டுதலே நலம்.

நாட்டுப்புறக் குடும்பங்களில் நகை அழகுக்கு மட்டும் உரியதன்று. மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லாகவும், பிள்ளைகள் கல்லூரி புகும் காலத்தில் கட்டணமாகவும் மாறி உதவுவது அதுவே. பாட்டி பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொன், அறியாமையால் ஒரு குன்றிமணி தேயினும் அவள் உழைப்பில் ஒரு பகுதி தேய்ந்ததாகும். நகையைப் பளபளக்கச் செய்வது எளிது. தேயாமலும் நோய் பரவாமலும் தூய்மை செய்து அடுத்த தலைமுறைக்கு அளிப்பதே பேணுதல் ஆகும்.