ஒரே படம், ரெண்டு பாட்டில்

"டெல்லியில என்னப்பா வேலை?"ன்னு ஊர்ல யாராவது கேட்டா, "டிரம்முக்கு லேபிள் ஒட்டுறேன்"னு சொல்லித் தப்பிச்சிடுவேன் :-) ஏற்றுமதியாகுற கெமிக்கல் எந்த வகை ஆபத்து, ஐ.நா. எண் என்ன, எந்தப் படம் ஒட்டணும்னு முடிவு பண்றதுதான் நம்ம பொழப்பு.

இதுல ரெண்டு கணக்கு இருக்கு மக்களே. ஒண்ணு பயணத்துக்கு. லாரி கவிழ்ந்தா, ஓடி வர்ற தீயணைப்புக்காரருக்கு உள்ளே என்னன்னு தூரத்துலயே தெரியணும். அதுக்குத்தான் 9 வகுப்புகளும் நாலு இலக்க எண்ணும். இன்னொண்ணு, கையில எடுத்துப் புழங்குறவங்களுக்கு. எது பட்டா என்ன ஆகும், எதோட எது சேரக்கூடாதுன்னு சொல்ற லேபிள். 2003-ல ஐ.நா. வெளியிட்ட ஜிஹெச்எஸ் முறை, இதை உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கறதுக்காக வந்தது.

ஒரு உதாரணம். கக்கூஸ் கழுவுற ஹைட்ரோகுளோரிக் ஆசிட், எண் 1789, வகுப்பு 8. செறிவான ப்ளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், எண் 1791. அதுவும் வகுப்பு 8. ரெண்டுக்கும் ஒரே படம்தான்: கையும் உலோகமும் அரிச்சுப்போற படம். பார்த்தா அண்ணன் தம்பி. ஆனா ரெண்டையும் கலந்தா வர்றது குளோரின். எண் 1017, வகுப்பு 2.3, நச்சு வாயு. 1915-ல பெல்ஜியப் போர்க்களத்துல ஜெர்மன் படை திறந்துவிட்ட அதே வாயு. அதனாலதான் கப்பல்ல ஹைப்போகுளோரைட்டை ஆசிட்டை விட்டுத் தள்ளி வைக்கணும்னு விதி இருக்கு. ஐரோப்பாவுல வீட்டுக்கு விக்கிற ப்ளீச்சுல, மத்ததோட சேர்த்தா குளோரின் வரலாம்னு அச்சடிச்சே ஆகணும்.

இப்ப ஜங்புரா பக்கம் வருவோம். பாராபுல்லா நாலா ஓரமா இருந்த மதராசி கேம்ப்லேர்ந்து நம்ம ஊர் அக்காக்கள் நிறையப் பேர் சுத்துவட்டார வீடுகள்ல வேலைக்குப் போனாங்க. எங்க வீட்டுக்கு வந்த அக்காவும் அங்கதான். 2020 கொரோனா சமயம், வேற ஒரு வீட்டுல "நல்லா சுத்தமாகட்டும்"னு ரெண்டையும் ஒரே பக்கெட்டுல ஊத்தச் சொல்லியிருக்காங்க. "நெஞ்சை அடைச்சிருச்சு தம்பி, மொட்டை மாடிக்கு ஓடிட்டேன்"னாங்க. ரெண்டு நாள் இருமல் நிக்கல.

ஆசிட், கடைக்காரர் பழைய தண்ணி பாட்டில்ல ஊத்திக் கொடுத்த 'தேஜாப்'. அதுல லேபிளே கிடையாது. ப்ளீச் கேன்ல இந்தியும் இங்கிலீஷும். அக்காவுக்குப் படிக்கத் தெரிஞ்சது தமிழ் மட்டும்.

துறைமுகத்துல யாருமே திறக்காத டிரம்முக்கு அத்தனை படம். தினமும் முகத்துக்கிட்ட வச்சு ஊத்துறவங்களுக்கு ஒண்ணுமில்ல. சில்லறையா ஊத்திக் கொடுக்கிற இடத்துலதான் லேபிள் செத்துப்போகுது. ஆசிட் வீச்சு வழக்குல 2013-ல உச்ச நீதிமன்றம், வாங்குறவர் பேரு, விலாசம், அடையாள அட்டை எல்லாம் பதியச் சொல்லுச்சு. நல்ல உத்தரவு. ஆனா அது வாங்குறவர் யாருன்னு கேக்குது. கழுவுறவர்கிட்ட எதுவும் சொல்றதில்ல.

2025 ஜூன் 1-ந் தேதி கேம்ப்பை இடிச்சாச்சு. வீடு கிடைச்சவங்களுக்கு நரேலாவுல, டெல்லியோட அந்தக் கோடியில. அக்காவும் அங்க போயிட்டாங்க. இனி புது வீடுகள், புது பாட்டில்கள்.

உங்க வீட்டுல யார் கழுவுறாங்களோ, அவங்களுக்குப் படிக்கத் தெரிஞ்ச மொழியில "இது ஆசிட், ப்ளீச்சோட சேர்க்காதே"ன்னு ஒரு மார்க்கர் பேனாவால எழுதி வைங்க. படிக்கத் தெரியாதவங்கன்னா வாயால சொல்லி, ரெண்டையும் வேற வேற இடத்துல வைங்க. மூடியில எழுதாதீங்க, பாட்டில்லயே எழுதுங்க. மூடி மாறிடும்.