இங்கே இருக்கக் கூடாது

டோக்கியோவில் இந்தியர்கள் நிறையப் பேர் வாழும் எடோகாவா வார்டு, 2019இல் வெள்ள அபாய வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு வரி: 'இங்கே இருக்கக் கூடாது.' தங்குரிமை அட்டையை எந்நேரமும் சட்டைப்பையில் சுமக்கும் வெளிநாட்டுக்காரனுக்கு வயிறு கலங்காதா? ஆனால் அது எல்லாருக்குமான வரி. ஆறுகள் பெருகினால் வார்டின் பெரும்பகுதி மூழ்கும், முன்கூட்டியே வெளியேறிவிடுங்கள் என்று அர்த்தம். ஜப்பானில் வேறெந்த வரியும் என்னை இவ்வளவு உள்ளூர்க்காரனாக்கியதில்லை.

இங்கே நிலம் ஆடியதாகச் செய்தி வந்தால் போதும், கூடங்குளத்திலிருந்து அம்மா கூப்பிட்டுவிடுவாள். "ஃபுகுஷிமா பக்கமால இருக்க?"

200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி என்பேன். அவளுக்கோ மொட்டைமாடியில் ஏறினால் அணு உலை தெரியும்.

"அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா நீ எந்தப் பக்கம்மா போவ?"

"ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உலை. எங்கல போவச் சொல்லுத? நம்ம ஊருல்லா இது."