கந்தோருக்கு ஒரு கடிதம்

நாரந்தனையில் எமது அயல்வீட்டு ஆச்சிக்கு மூன்று மாதங்களாக ஓய்வூதியம் வரவில்லை. கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நாம், கந்தோருக்கு இரண்டு பக்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். கடிதம் திரும்பி வந்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்திற்குப் பின் 1987இல், 13ஆவது திருத்தத்தால், தமிழும் அரசகரும மொழியாயிற்றே. தமிழ்க் கடிதத்தைத் திருப்புவதா எனக் குமுறியவாறு ஆச்சியுடன் நேரிற் சென்றோம். மொழியிற் குற்றமில்லை, நயமான நடையில் எழுதிய நாமே ஓய்வூதிய இலக்கத்தை எழுத மறந்திருந்தோம்!

ஆச்சியோ இலிகிதர் முன் நின்று, "தம்பி, நான் காலமான தபாற்காரற்றை பெண்சாதி. இலக்கம் இந்தத் துண்டிலை கிடக்கு. மூண்டு மாதக் காசு வரேல்லை. எப்ப வரும்?" என்றார். இலிகிதர் உடனே கோப்பை எடுத்தார்.

இப்போது, விண்ணப்பம் எழுதுமுன் அதனை வாயாற் சொல்லிப் பார்க்குமாறு மாணவர்க்குக் கூறுகின்றோம். திரும்பி வந்த கடிதத்தையும் வாசித்துக் காட்டுகின்றோம். முதற் பக்கம் முடியுமுன்பே சிரித்துவிடுகின்றனர்.