மடி சொல்லும் மாதம்

"சின்னப் புள்ளகூடக் கறக்கலாமுங்க" என்றார் தரகர். ஆடி மாதத்துச் சந்தை அது. துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரல் பிடித்து விலையைப் பேசி முடித்திருந்தன. செவலைப் பசு, ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈத்து, எட்டு மாதச் சினை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அதன் மடியில் கை வைத்துப் பார்த்தார். பசு திரும்பிக்கூடப் பார்க்காமல் அசை போட்டுக்கொண்டு நின்றது. வாலைப் பிடித்தார், காம்பை நீவினார், பின்னங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தார். அப்போதும் அதே அமைதி. பணத்தை எண்ணிக் கொடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

ஆவணிக் கடைசியில் பசு கன்று போட்டது. நாலாம் நாள் காலையில் எவர்சில்வர் வாளி கொட்டகையின் மறுகோடியில் உருண்டு கிடந்தது. வாத்தியார் சாணத்தில் உட்கார்ந்திருந்தார். தரகர் ஏமாற்றிவிட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஐம்பது வருடமாக மாடு கறப்பவர். வேலியோரம் நின்று பார்த்தவர் சொன்னார்: "அந்தாளு பொய் சொல்லலீங்க வாத்தியாரே. நீங்க பாத்தது சினைமாட்டுக் குணம். இது கன்னு போட்ட குணம். இன்னும் ரெண்டு மூணு பாக்கியிருக்குதுங்க."

கணக்கு வாத்தியார் அல்லவா? அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கித் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் மூன்றே எண்கள். சினை சுமப்பது சுமார் 280 நாள். ஒரு கறவைக்குக் கால்நடைத் துறையினர் வைத்திருக்கும் அளவுகோல் 305 நாள். அடுத்த கன்றுக்கு முன் மடிக்கு ஓய்வு 60 நாள். பின்னிரண்டையும் கூட்டினால் 365. வருடத்துக்கு ஒரு கன்று. அப்படியானால் கன்று போட்ட 85 நாளுக்குள் பசு மறுபடி சினை பிடித்தாக வேண்டும். பசு தன் வருடத்தை எப்படிக் கழிக்கிறது என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்று எண்களே தீர்மானிக்கின்றன என்பது அவருக்குப் போகப்போகத்தான் தெரிந்தது.

கன்று போட்ட இரவை அவர் நினைவிலிருந்து எழுதினார். முந்தின நாளே வால் அடியின் இருபுறமும் குழி விழுந்து, எலும்புக் கட்டு தளர்ந்திருந்தது. மடி இறங்கிக் காம்புகள் விறைத்திருந்தன. சாயங்காலம் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிய பசு, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. திறந்த மேய்ச்சல் நிலமாக இருந்தால் இந்த நேரத்தில் மந்தையை விட்டு விலகி மறைவிடம் தேடிப் போயிருக்கும். கட்டுத்தறியில் கட்டிய பசுவுக்குப் போக இடமில்லை. கயிறு எட்டும் தூரம் வரை சுற்றிச் சுற்றி வந்தது.

கன்று விழுந்ததும் அதுவரை அவர் கேட்டிராத ஒரு குரல் வந்தது. வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, மெல்லிய உறுமல் போல. வேறு சமயங்களில் பசு அந்தக் குரலை எழுப்புவது அரிது. நக்குவதும் அந்த முனகலும் சேர்ந்துதான் தாய்க்கும் கன்றுக்கும் முடிச்சுப் போடுகின்றன. பிறந்தவுடன் வெறும் ஐந்து நிமிடம் கன்றோடு இருந்தாலே தாய் தன் கன்றை இன்னதென்று அடையாளம் வைத்துக்கொள்கிறது என்று 1977-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஐந்து நிமிடத்தில் கன்றைத் தூக்கப் போன வாத்தியாரைத்தான், சந்தையில் திரும்பிக்கூடப் பார்க்காத பசு, தலையைத் தாழ்த்தி முட்ட வந்தது.

ஆத்தா விடியும்வரை உட்கார்ந்திருந்தார், நஞ்சுக்கொடிக்காக. அது விழுந்ததும் பசு தின்றுவிடும். அதற்குள் எடுத்து வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்ட வேண்டும், அப்போதுதான் பால் பெருகும் என்பது ஊர் வழக்கம். சீம்பால் கறந்து கடும்பு கிண்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் முதல் பங்கு கன்றுக்கு. மாட்டினத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையில் தாயிடமிருந்து கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. அதைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வதும் ஏறக்குறைய முதல் ஒரு நாள்தான். முதல் சில மணி நேரத்தில் குடித்தால் முழுப் பலன்.

அடுத்த மூன்று நாளும் ஆத்தா வரும்போதெல்லாம் முதலில் பசுவின் காதைப் பிடித்துப் பார்த்தார். காது சில்லென்றிருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, படுத்த மாடு கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்துக்கொள்கிறதா? மூன்றுமே பால் காய்ச்சலின் அடையாளங்கள். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, குளிர்ந்து போகும். பால் திடீரென்று பெருகும்போது சுண்ணாம்புச் சத்து மடிக்கு இறங்கி இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. ஜெர்சி இனத்துக்கும் ஈத்து கூடிய மாட்டுக்கும் இது அதிகம். இன்று மருத்துவர் கால்சியத்தை நரம்பில் ஏற்றினால், செத்தது போலக் கிடந்த பசு சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். காரணம் தெரியாத காலத்தில், 1897-இல், டென்மார்க்கில் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர் காம்பு வழியே மடிக்குள் மருந்துநீரை ஏற்றிப் பசுக்களைப் பிழைக்க வைத்தார். சில வருடங்களில் மருந்தும் வேண்டாம், மடிக்குள் காற்றை ஏற்றினாலே போதும் என்றாயிற்று. மடி அழுத்தமாக நிறைந்தால் பால் ஊறுவது நின்றுவிடும். சுண்ணாம்பும் இரத்தத்திலேயே தங்கும். இந்த அழுத்தத்தின் கதை நோட்டின் கடைசிப் பக்கங்களில் மறுபடி வருகிறது.

நாலாம் நாள் பசு உதைத்ததற்குக் காரணம் குரோதம் இல்லை. கன்று போட்ட புதிதில் மடி வீங்கித் தோல் விண்ணென்று இருக்கும். விரல் பட்டாலே வலிக்கும். அதோடு கையும் புதுக்கை. வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்டுக் காம்பை நீவி, அவசரப்படாமல் கறக்கச் சொன்னார் ஆத்தா. கொஞ்ச நாளைக்குப் பின்னங்காலில் அணைக்கயிறும் போட்டார். உதை நின்றது. வேறொரு சங்கடம் வந்தது: பசு பாலை எக்கிக்கொண்டது. மடி நிறையப் பால் இருந்தும் வாளிக்கு வந்தது அரைப்படி.

கறப்பவர் எவ்வளவு பலசாலியானாலும் பசு விடாமல் பால் வராது. சுரந்த பாலில் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள பால்குழியில் இருக்கும். மிச்சம் மடியின் நுண்ணறைகளில். கன்று முட்டும்போதோ கை நீவும்போதோ மூளையடியிலிருந்து ஆக்சிடோசின் இரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடத்தில் மடிக்கு வந்து, அறைகளைப் பிழிந்துவிடுகிறது. அதன் வேகம் சில நிமிடங்களே. அதற்குள் பயந்துவிட்டால் எல்லாம் போச்சு. 1941-இல் அமெரிக்காவில் ஃபோர்டைஸ் ஈலி, டபிள்யூ. ஈ. பீட்டர்சன் இருவரும் இதைச் சோதிக்க ஒரு விசித்திரம் செய்தார்கள். கறவைப் பசுவின் முதுகில் பூனையை விட்டார்கள். பத்து விநாடிக்கு ஒன்றாகக் காகிதப் பைகளை ஊதி உடைத்தார்கள். பால் இறங்கவில்லை. பிற்பாடு பூனை தேவையில்லை, பை வெடிக்கும் சத்தமே போதும் என்று கண்டார்கள். வாத்தியார் வீட்டில் பையின் வேலையைச் செய்தது, கறக்கும் நேரத்துக்குச் சரியாகச் சமையற்கட்டில் விசில் அடித்த குக்கர். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் கறந்து முடித்த பிறகுதான் அடுப்பு.

காங்கேயம் போன்ற நாட்டுப் பசுவாக இருந்தால் இதற்கும் மேலே. கன்று வந்து முட்டினால்தான் பால் விடும். கன்று செத்துப் போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன்னே நிறுத்திக் கறந்த வீடுகள் உண்டு. கொடுமையான வழியும் இருந்தது. பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பாலை இறக்கும் 'பூக்கா' என்ற முறையையும், பாலுக்காக உடம்பைக் கெடுக்கும் ஊசி போடுவதையும் 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது.

ஐப்பசியில் நோட்டின் எண்கள் உச்சத்துக்குப் போயின. காலையில் ஏழு லிட்டர், மாலையில் ஐந்து. கன்று போட்ட ஆறிலிருந்து எட்டாவது வாரத்தில் கறவை உச்சம் தொடுவது பொதுவிதி. ஆனால் பசியின் உச்சம் அதற்குப் பல வாரம் பின்னால்தான் வரும். கொடுப்பது முந்தி, தின்பது பிந்தி. நடுவிலுள்ள பற்றாக்குறையை உடம்பின் கொழுப்பைக் கரைத்துத்தான் பசு ஈடுகட்டுகிறது. மழையில் தீவனப்புல் ஆள் உயரம் நின்ற மாதத்தில், செவலையின் விலா எலும்பை எண்ண முடிந்தது. வாளிச் சத்தம் கேட்டாலே இழுத்துக்கொண்டு வந்தது; தவிட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுத் தொட்டியின் அடியை நக்கியது. படுத்திருக்கும் நேரம் குறைந்து, நின்று தின்னும் நேரம் கூடியது. இடித்துக்கொண்டு முன்னால் வருவதைப் பார்த்த வாத்தியாரின் மனைவி, "பேராசை புடிச்ச மாடு" என்றார்.

அதே மாதத்தில் பால் சங்கத்தில் ஊற்றும்போது பால்மானியில் டிகிரி குறைந்தது. "தண்ணி கிண்ணி பட்டுருச்சா சார்?" என்று கேட்டுவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் பையன்களின் காப்பியடிப்பைப் பிடித்தவருக்கு அது பெரிய அவமானம். பால் அதிகமாகும்போது கொழுப்பும் சத்தும் விகிதத்தில் இறங்கும், அளவு குறையும்போது ஏறும் என்பதை நோட்டைக் காட்டி விளக்கினார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த கேனுக்குப் போனார்கள்.

நடு ஐப்பசியில் ஒரு நாள் பால் காரணமில்லாமல் இரண்டு லிட்டர் குறைந்தது. இரவெல்லாம் பசு கத்தியது. வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். காலையில் ஆத்தா வந்து வாலைத் தூக்கி, கண்ணாடி போலத் தொங்கிய வளவளப்பான திரவத்தைக் காட்டினார். பருவத்துக்கு வந்த மாடு. மந்தையில் இருந்தால் வேறு மாடுகள் மேலே தாவும்போது அசையாமல் நின்று கொடுத்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்கும். ஒற்றை மாட்டுக்குக் கத்தல் ஒன்றுதான் வழி. சில பசுக்கள் அதுவும் செய்யாது. அதற்கு ஊமைப் பருவம் என்று பேர். அந்த முறை சினை ஊசி போடும் நேரம் தவறிவிட்டது. 21 நாள் கழித்துக் கார்த்திகையில் மறுபடி கத்தியபோது வாத்தியார் தயாராக இருந்தார். காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்ற விதிப்படி சினை ஊசி போட்டாயிற்று. 85 நாள் கெடுவில் பத்து நாள் மிச்சம்.

மார்கழியிலிருந்து சித்திரை வரை நோட்டில் எழுத அதிகம் இல்லை. தின்றது, படுத்தது, அசை போட்டது. நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிற பசு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். கரைந்த உடம்பு மெல்லத் திரும்பியது. தொட்டிக்கு இழுத்துக்கொண்டு வருவது நின்றது. "பேராசை" என்ற பேச்சும் நின்றது.

சித்திரைக் கடைசியில் காப்பி சரியில்லை என்று வீட்டில் முணுமுணுப்பு. சர்க்கரை கூடப் போட்டும் அடிநாக்கில் ஒரு கரிப்பு. முதிர்ந்த கறவையில் பாலின் சர்க்கரை குறைந்து உப்பு ஏறும்; கொழுப்பும் கூடும். காப்பிக்கு ஆகாத பால் சங்கத்தில் நல்ல டிகிரி காட்டியது. ஐப்பசியில் தண்ணீர் கலந்ததாகச் சந்தேகப்பட்டவர்களே இப்போது, "என்ன தீவனம் சார் போடுறீங்க?" என்று கேட்டார்கள். தீவனம் மாறவில்லை.

ஆனி பிறந்ததும் கறவையை நிறுத்தச் சொன்னார் ஆத்தா. வயிற்றில் ஏழு மாதம். இந்த ஓய்வில்தான் மடி பழைய செல்களைக் கழித்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்ளும். ஓய்வே தராமல் கறந்தால் அடுத்த ஈத்தில் பால் கால்வாசி வரை குறைந்துபோகும். புண்ணாக்கைக் குறைத்தார்கள், பிறகு ஒரு வேளைக் கறவை, பிறகு அதுவும் இல்லை. முதல் நாள் காலை ஐந்து மணிக்குப் பசு கொட்டகை வாசலைப் பார்த்து நின்றது. ஐந்தரைக்குக் கத்தியது. மடி கனத்துக் காம்பில் பால் சொட்டியது. வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை, வாளியோடு கிளம்பிவிட்டார். ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டார். "தொட்டீங்கன்னா மறுக்கா ஊறுமுங்க. உள்ள கட்டுனாத்தான் வத்தும்." டென்மார்க்கில் காற்றடித்து மடியை நிறைத்தவர்கள் கண்டதும் இதுதான். மூன்றாம் நாள் கத்தல் குறைந்தது. ஒரு வாரத்தில் ஐந்து மணிக்குப் பசு எழுந்திருக்கவே இல்லை.

ஆடியில் தரகர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தார். கூட வந்த ஒரு பையன் செவலையின் அருகே போய், அடிவயிற்றில் தடித்தோடும் பால் நரம்பைத் தடவி, மடியைத் தட்டிப் பார்த்தான். பசு கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தது. "நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களே, சின்னப் புள்ளகூடக் கறக்கலாம்னு" என்றார் தரகர்.

வாத்தியார் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் போனபிறகு நோட்டைப் புரட்டி, கார்த்திகைத் தேதியோடு 280-ஐக் கூட்டினார். பிறகு உதை நின்றதிலிருந்து கொட்டகைத் தூணில் சும்மா தொங்கிய அணைக்கயிற்றை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து, புரி எங்கும் இற்றிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.