ஓரெழுத்துத் திருத்தம்

எமது மேசை லாச்சியில் ஐந்து அப்பியாசக் கொப்பித் தாள்கள் மடித்தபடி கிடக்கின்றன. 2017ஆம் ஆண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல்லூரி ஒன்றில் நாம் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கல்லூரிச் சஞ்சிகைக்கென எழுதித் தந்த சிறுகதை அது. நீல மையில் அவனுடைய கையெழுத்து. அதன்மேற் சிவப்பு மையில் எமது திருத்தங்கள். சந்திப் பிழைகளை நீக்கியிருக்கிறோம். ஒற்று மிகும் இடங்களைக் காட்டியிருக்கிறோம். இவை ஆசிரியன் செய்ய வேண்டிய காரியங்களே. ஆனால் முதற் பக்கத்தின் நடுவிலிருந்து இறுதிவரை வேறொரு திருத்தமும் ஓடுகின்றது. 'அவன்' என்று வந்த இடமெல்லாம், 'வந்தான்', 'சிரித்தான்' என்று வந்த இடமெல்லாம், ஈற்று னகரத்தை அடித்து ளகரம் இட்டிருக்கிறோம். அண்மையில் எண்ணிப் பார்த்தோம்: 31 இடங்கள்.

கதை இதுதான். ஒரே கிராமத்துப் பையன்கள் இருவர் மாலைதோறும் ஒரே சைக்கிளில் ரியூட்டரிக்குப் போகின்றார்கள். ஒருவன் மிதிக்கிறான், மற்றவன் பாரில் இருக்கிறான். இருப்பவனுக்கு நோகக்கூடாது என்பதற்காகப் பாரிலே பழைய துவாய் ஒன்று சுற்றப்பட்டிருக்கிறது. திருவிழா இரவொன்றில், கோயிலின் மேற்கு வீதி மணலிலே, ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை மேளக் கச்சேரி கேட்கின்றார்கள். ஊரார் அவர்களைக் கடந்து போகின்றனர்; ஒருவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. பின்னர் பாரில் இருந்தவன் வெளிநாடு போய்விடுகிறான். மற்றவன் அந்தத் துவாயை அவிழ்க்காமலே சைக்கிளை ஓட்டித் திரிகிறான். கதை அவ்வளவே. காதல் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. இருந்தும், படித்து முடித்தபோது எமக்கு ஐயம் எதுவும் இருக்கவில்லை.

நாம் அந்தப் பையனை அழைத்துப் பேசவில்லை. 'பாரில் இருந்தவனைப் பெண்ணாக்கினால் கதை சிறக்கும்' என்று ஓரத்தில் எழுதி, நாமே மாற்றத் தொடங்கினோம். ஓரெழுத்து வேலைதானே என்று எண்ணியிருந்தோம். ஆனால் எழுத்தை மாற்றியதும் கதை ஒவ்வொரு மூட்டாகக் கழன்றது. எங்கள் ஒழுங்கையிலே பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி பையனின் சைக்கிள் பாரில் இருந்து போக முடியுமா? நாழிகை ஒன்று கழிவதற்குள் செய்தி தாயின் காதுக்கு எட்டிவிடும். ஆகவே இருவருக்கும் தனித்தனிச் சைக்கிள் கொடுத்தோம். பார் போனதும் துவாய் போயிற்று. நள்ளிரவு மணலில் ஒரே போர்வையும் சாத்தியமில்லை. அதனை வாசிகசாலையில் நடந்த ஒரு பார்வைப் பரிமாற்றமாக்கினோம். ஊரார் காணாமற் கடந்து போவது கதையின் உயிர்நாடி. பெண்ணென்றால் ஊரார் காணாதிருப்பரோ? அதுவும் நீங்கியது. எஞ்சியது, ஆண்டுதோறும் எமது மேசைக்கு வந்து சேரும் நூறு காதற் கதைகளைப் போன்றதொரு கதை. சஞ்சிகையில் அச்சாயிற்று. அதிபர் பாராட்டினார்.

அவன் மட்டும் வந்து நின்றான். "சேர், நீங்கள் திருத்தின கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எழுதின ஆக்கள் அதுக்குள்ள இல்லை, சேர்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு விடை பிழைத்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் எமக்கு எதுவும் எழுதித் தரவில்லை.

அதே தவணையில் நாம் வகுப்பிலே என்ன படிப்பித்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கவே கூசுகின்றது. ஈழத்து இலக்கிய வரலாறு. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம். அறுபதுகளின் முற்பகுதியில், சாதாரண மக்களின் பேச்சு மொழி கதைகளில் ஏறியபோது 'இழிசினர் இலக்கியம்' என்று மரபுவாதிகள் முகஞ்சுளித்தமை. அதனை எதிர்த்து நம்மவர் நடத்திய வாதம். டானியலும் டொமினிக் ஜீவாவும் தாம் வாழ்ந்த வாழ்வைத் தாமே எழுதியதனாலன்றோ அக்கதைகளுக்கு அந்த வலிமை வந்தது என்று குரலை உயர்த்திப் பேசினோம். தேநீர்க்கடை வாசலிலே தனிக் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்தவனுக்குத்தான் அந்தக் குவளையின் கனம் தெரியும் என்றோம். மூன்றாவது வாங்கில் இருந்து அவன் அதனைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். ஓய்வறைக்குப் போய், அவனுடைய துவாயைச் சிவப்பு மையால் அடித்தோம்.

எமக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. கதையை அப்படியே அச்சிட்டிருந்தால், அந்தச் சிறிய ஊரில் பாத்திரங்கள் யாவர் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். சட்டமும் அவன் பக்கம் இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயன் விட்டுப்போன சொத்து. அவன் நாட்டில் அச்சட்டம் 1967இலேயே தளர்த்தப்பட்டது. நாமோ 1995இல் அதனைத் திருத்தியபோது, 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று பொதுமைப்படுத்திப் பெண்களையும் அதற்குள் அடக்கினோம். இப்பிரிவுகளை மாற்ற முனைந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. 2017இல் அந்த அளவு ஆறுதலும் கிடையாது. ஆகவே அஞ்சியது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கதையை வெளியிடாமல் அவனிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். புனைபெயரில் வேறெங்காவது அனுப்பும் வழி சொல்லியிருக்கலாம். 'நன்றாக எழுதியிருக்கிறாய், தம்பி' என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். இவற்றுள் எதற்கும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

அவன் போன பிறகே ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' நாவலைத் தேடி வாசித்தோம். 1994இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல். கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் சிறுவன் ஆர்ஜி வளர்ந்து வரும் கதை. ஆறு கதைகளாகப் பின்னப்பட்டு 1983 ஜூலைக் கலவரத்தில் வந்து முடிகின்றது. தமிழ் சிறப்புப் பட்டதாரிகளாகிய நாம் இத்தனை காலம் அதனை ஏன் வாசிக்கவில்லை என்பது வேறு கதை. ஆங்கிலத்தில் எழுதியவனை நம்மவனாக எண்ணாத பழக்கமே பெரும் காரணம்.

நண்பர்களிடம் அந்நூலைப் பற்றிப் பேசியபோது ஒன்றைக் கண்டோம். ஜூலைக் கலவரத்தைச் சொல்லும் இறுதிப் பகுதியை அனைவரும் புகழ்ந்தனர். ஆர்ஜிக்கும் ஷெஹான் என்ற சிங்கள மாணவனுக்கும் இடையிலான அன்பைப் பற்றி வினவினால், 'அது ஒருபுறம் கிடக்கட்டும்' என்றனர். ஒருவர், நல்ல இடதுசாரி, சொன்னார்: "அது கறுவாத்தோட்டத்துப் பிரச்சினை, மாஸ்ரர். தொழிலாளிக்குச் சோற்றுப் பிரச்சினை தீரேல்லை." எமது மாணவனின் தந்தை வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்கு நிற்பவர். அதனை அவரிடம் சொல்ல அன்று எமக்கு நா எழவில்லை.

நாவலின் முதற் கதையை மறுபடி பார்ப்போம். பாட்டியின் வீட்டு வளவு இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது. முன்புறம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் பிரதேசம். பின்புறம் பெண்பிள்ளைகளின் பிரதேசம். ஆர்ஜி பின்புறத்தைச் சேர்ந்தவன். அங்கே நடக்கும் கலியாண விளையாட்டில் அவனே மணப்பெண். சேலை உடுப்பவனும் அவனே. பெரியவர்கள் முன்னிலைக்கு இழுத்துவரப்பட்ட நாளோடு அந்த உலகிலிருந்து அவன் துரத்தப்படுகின்றான். பையன்களின் பக்கத்திலும் அவனுக்கு இடமில்லை. கோடு கிழிப்பவர் யார், எந்தப் பக்கம் நிற்பது என்பதை நமக்குக் கேளாமலே எப்படித் தீர்மானிக்கின்றனர் என்று ஏழு வயதிலேயே படித்துக்கொண்ட பிள்ளை அவன். சிங்களவர், தமிழர் என்று நாடு முழுவதும் கோடு கிழிக்கப்பட்டபோது அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு அது துலக்கமாகத் தெரிந்ததில் வியப்பென்ன? சேலை உடுத்த சிறுவனை நீக்கிவிட்டு ஜூலையை மட்டும் எடுத்துக்கொள்வது, எமது மாணவனின் கதையில் நாம் செய்த வேலையே.

இந்நாவலை தீபா மேத்தா 2020இல் திரைப்படமாக்கினார். தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகரைப் போதிய அளவு தேர்ந்தெடுக்கவில்லை, படத்தில் ஒலிக்கும் தமிழ் தமிழாக இல்லை என்று புலம்பெயர்ந்த தமிழர் பலர் கண்டித்தனர். கண்டனம் நியாயமானது. கலவரத்தில் மொழியைக் கொண்டே ஆளை இனங்கண்டு அடித்த நாட்டின் கதையில், பாத்திரத்தின் தமிழ் பிசகினால் எல்லாமே பிசகும். மொழி அங்கே அலங்காரமன்று. ஆயினும் அந்நாட்களில் எமது ஆசிரியர் ஓய்வறையில் நடந்த உரையாடல் வேறொன்றையும் காட்டியது. ழகரத்தை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தவர்கள், அந்த இரு இளைஞரின் அன்பு மெய்யாக வந்திருக்கிறதா என்ற கேள்வியை ஒருமுறையாவது கேட்கவில்லை. உச்சரிப்பைப் பேசுவது, மற்றதைப் பேசாதிருக்க வசதியாயிற்று. நாமும் அந்த வசதியில் சிறிது நேரம் இருந்தோம்.

தமிழ்ச் சினிமாவைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. 2006இல் வெளிவந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தின் இரு கொலைகாரரும் ஒருவரையொருவர் நேசிப்பவராகக் காட்டப்பட்டமை பலருக்கு நினைவிருக்கும். கொடுமைக்கு வேறு காரணம் தேட வேண்டிய சிரமம் கதாசிரியருக்கு இல்லாமற் போயிற்று. 'சூப்பர் டீலக்ஸ்' (2019) அனுதாபத்தோடு எடுக்கப்பட்ட படம்தான். விஜய் சேதுபதி திறமையாகவே நடித்தார். இருந்தும் அதன் திருநங்கைப் பாத்திரம் குழந்தைகளைக் கடத்தியதாகச் சொல்லும் இடத்தைத் திருநங்கைகள் பலர் கண்டித்தனர். தம்மீது ஊர் சுமத்தும் பழியை, தமக்காகப் பேச வந்த படமே சுமத்துகின்றதே என்பது அவர்களின் வருத்தம். படப்பிடிப்புக்கு முன் அவர்களுள் ஒருவரிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியிருந்தால் போதுமே! லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகிய சுயசரிதைகள் தமிழில் இருக்கின்றன. வாசிக்க எவருக்கும் தடையில்லை. 2025இல் வந்த 'காதல் என்பது பொதுவுடைமை' எம்மை வேறு விதத்தில் உறுத்தியது. முற்போக்குச் சிந்தனையுள்ள தாய், தன் மகள் நேசிப்பது ஒரு பெண்ணை என்று அறிந்ததும் தடுமாறுகின்றாள். மேடையிற் பேசியது வீட்டுக்குள் வரும்போது கால் இடறும் அந்தத் தாயின் முகத்தில் எமது முகத்தையே கண்டோம்.

தமிழாசிரியர் என்ற முறையில் இன்னொன்று. சொல்லதிகாரம் படிப்பிக்கும்போது, பேடு என்ற பெயர்க்குத் தனியான பால் ஈறு இல்லை என்றும், அது உயர்திணைக்குள்ளேயே நின்று அத்திணைக்குரிய ஈற்றாலே வழங்கும் என்றும் தொல்காப்பியர் கூறியதைச் சொல்வோம். வகுப்பு சிரிக்கும். ஆண்டுதோறும் சிரிக்கும். நாமும் புன்னகையோடு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவோம். இலக்கணகாரர் உயர்திணைக்குள் வைத்ததை வகுப்பறை அஃறிணைக்குத் தள்ளுகிறது என்பது எமக்கு உறைக்கப் பத்து ஆண்டுகள் சென்றன. இவ்வாண்டு அந்த இடத்திலே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டோம். விடை வரவில்லை. மூன்று நிமிடம் வகுப்பு அமைதியாக இருந்தது; எமக்கும் அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சென்ற வாரம் உயர்தர மாணவி ஒருத்தி சஞ்சிகைக்குக் கதையொன்று தந்திருக்கின்றாள். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் சொல்வதாக அமைந்த கதை. அவள் கடிதம் எழுதிக் காத்திருக்கும் ஆளுக்குப் பெயர் இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை 'அவர்' என்றே வருகின்றது. 'அவர் தலைமயிரை வாரிவிட்டார்' என்றும் ஓரிடத்தில் இருக்கிறது. மரியாதைப் பன்மையோ, வேறெதுவோ, கேட்டால் சொல்வாளோ என்னவோ. சந்திப் பிழைகள் நான்கைத் திருத்தினோம். 'அவர்' இருந்த இடங்களைத் தொடவில்லை. அச்சிடுவதா என்பதை அவளிடமே கேட்பதற்காக, நாளை மறுநாள் இடைவேளையில் ஓய்வறைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.